டீ கிளாஸின் சூடு

"அக்கா, உன் கை ஏன் ஐஸ் மாதிரி கீது?" என்று கட்டிலில் படுத்திருந்த வேணி கேட்டாள். ஆறு வயது. வயிற்றுவலி என்று முகையூரிலிருந்து விழுப்புரம் மருத்துவமனைக்குக் கொண்டு வந்திருந்தார்கள்.

மருத்துவ மாணவி பிரின்சி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். டிசம்பர் குளிரில் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்த கை அது. குழந்தையின் வயிற்றை அழுத்தினாள். வயிறு இறுகியது.

"அப்பெண்டிக்ஸா இருக்கும் சார்," என்றாள்.

பேராசிரியர் வேங்கடேசன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, வேணியிடம் அவள் வீட்டுப் பூனையின் பெயரைக் கேட்டபடியே தொட்டார். வயிறு பஞ்சாக இருந்தது.

"மூணு நாளா வெளிக்குப் போகல, அவ்வளவுதான். தொடறதுக்கு முன்னாடி என்னம்மா செய்யணும்?"

"கையைச் சூடாக்கணும் சார்."

எழுத்துத் தேர்வில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். கூட நின்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

"சனிக்கிழமை வார்டு டெஸ்ட். அதுலயும் இப்படின்னா, கிறிஸ்துமஸ் லீவுல வந்து இந்த வார்டைத் திரும்பப் பாக்கணும்."

விடுமுறை போவதைவிட, இனி ஒரு குழந்தையைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது. வாசல் டீக்கடையருகே ஹுதைஃபா நின்றிருந்தான். கோட்டக்குப்பத்துக்காரன். நோய்க்குறியியல் தேர்வில் தோற்று, ஒரு வருடம் பின்தங்கி இவர்களோடு சேர்ந்தவன்.

"இன்னா டாக்டரம்மா, ஃப்ரிட்ஜிலருந்து எறங்கி வர்றியா?"

"நீ வேற பேஜாரு பண்ணாத, சீனியர்."

அவன் தன் டீ கிளாஸை அவள் கைகளில் வைத்தான். "குடிச்சிடாத, என்னுது. சும்மா புடிச்சிக்கினு நில்லு. நான் டெய்லி இப்படித்தான் வார்டுக்குப் போறேன். அப்புறம், வலிக்குதான்னு கேக்காத. புள்ள மூஞ்சியப் பாத்துக்கினே கதை கேளு. வலிக்கிற எடத்துல கதை நின்னுடும்."

உதவி கேட்டு ஜெபித்தபோது ஆண்டவர் பெரிதாக ஏதோ அனுப்புவார் என்றுதான் பிரின்சி நினைத்திருந்தாள். வந்தது ஒரு கிளாஸ் டீ. சனிக்கிழமை வரை ஹுதைஃபா தினமும் ஆறிய டீயையே குடித்தான்.

டெஸ்டில் அவளுக்குக் கிடைத்தவன் ஓமந்தூரைச் சேர்ந்த எட்டு வயதுப் பையன். சூடான கையை அவன் வயிற்றில் வைத்து, கிரிக்கெட் பற்றிக் கேட்டாள்.

"கடைசி ஓவர்க்கா. ஆறு ரன்னு வேணும். நான் ஓங்கி ஒரு..."

வலது அடிவயிற்றில் அவள் கை நகர்ந்தபோது கதை நின்றது. சுற்றிலும் மிருதுவாக இருந்த வயிறு அங்கே மட்டும் இறுகியது.

"இங்கதான் சார்," என்றாள்.

வேங்கடேசன் தொட்டுப் பார்த்தார். அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஆளனுப்பிவிட்டு, "லீவுக்கு வீட்டுக்குப் போம்மா," என்றார்.

விடுமுறையில் பிரின்சி ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினாள். ஜனவரியில் ஹுதைஃபா மறுபடி எழுத வேண்டிய நோய்க்குறியியல் பாடம் அதில் இருந்தது, ஆனால் புத்தக வரிசையில் இல்லை. 'நாலாம் கட்டில், கால் வீங்கிய பையன்: அவன் சிறுநீரகத்துக்குள் என்ன நடந்தது?' பக்கத்துக்கு ஒரு கட்டில். எல்லாம் ஹுதைஃபா தொட்டுப் பார்த்த பிள்ளைகள். அவர்கள் பெயரையும் எழுதவில்லை, தன் பெயரையும் எழுதவில்லை.

கல்லூரி திறந்த அன்று முதல் பஸ்ஸில் வந்தாள். வகுப்பு தொடங்கும் முன், ஆளில்லாத அறையில் பெஞ்சில் கிடந்த அவன் பைக்குள் நோட்டை வைத்து, ஜிப்பை மூடினாள்.