இடக்கைப் பின்னல்

மூன்றாவது முறையாகப் பவித்ரா அந்தப் பின்னல் வரிசையைப் பிரித்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய அம்மா பழனியம்மாள் மஞ்சள் புடவையில் படுத்திருந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு மூச்சு அடங்கியது. நாலு மணிக்குத் தூக்குவதாகப் பேச்சு. இப்போது மணி இரண்டரை.

பவித்ராவின் மடியில் கிடந்தது உள்ளங்கை அளவே ஆன ஒரு கம்பளித் தொப்பி. எதிர்வீட்டுக் கிளாராவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண்குழந்தை, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இன்றுதான் வீட்டுக்கு வருகிறது. "பிள்ள வீட்டுக்கு வாரப்ப தலையில இது இருக்கணும்" என்பதுதான் அம்மா கடைசியாகப் பேசியது. உச்சியில் கண்ணிகளைக் குறைத்து மூடுவதுதான் பாக்கி. அம்மா வாசல் தாண்டுவதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்று பவித்ரா காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தாள்.

முடியவில்லை. அம்மா இடக்கைக்காரி. அவளிடம் நூல் எதிர்த்திசையில் ஓடும். பவித்ரா தன் வலக்கையால் தொடர்ந்தால் கண்ணிகள் முறுக்கிக்கொண்டு வேறு பக்கம் சாய்ந்தன.

சமையலும் அம்மாவுக்கு அந்தக் கையால்தான். ஆயக்குடிக் கொய்யாக்காயைப் புளிக்குழம்பில் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அவளுக்குத் தோன்றும். கொதிக்கும்போதே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, தானாகச் சிரித்துக்கொள்வாள். ஆனால் பரிமாற மட்டும் விடமாட்டார்கள். அதிலும் அப்பாவின் அக்கா, செம்பட்டி அங்கம்மாள் அத்தை இருக்கிறாளே!

"பீச்சாங்கையால போட்ட சோத்த மனுசன் திம்பானா? இந்த வேக்காட்டுல கம்பளி வேற பின்னுறா மகராசி!"

அம்மா கரண்டியைப் பவித்ராவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"ஏத்தா, சாவு வீட்டுல ஊசியோட உக்காந்திருக்க?" பங்காளிகளில் மூத்தவரான பாண்டி பெரியப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "நாலு சனம் வார நேரம். எடுத்து உள்ள வையி."

"எதிர்வீட்டுப் பாப்பாவுக்குப் பெரியப்பா. அம்மா சொன்னது."

"கடையில கெடைக்காத தொப்பியா?"

தலைமாட்டில் அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்த அத்தை எழுந்து வந்தாள். ஏச்சு வாங்கப் பவித்ரா தயாரானாள்.

"இங்க குடு."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அத்தை சுவரோரம் உட்கார்ந்தாள். இடக்கையில் ஒரு ஊசி. நூல் விரலைச் சுற்றியது. இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கினாள், அடுத்த இரண்டு, அடுத்த இரண்டு. அம்மாவின் கண்ணிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தனவோ அதே பக்கம் இவையும் சாய்ந்தன.

கூடத்தில் ஒப்பாரி சட்டென்று தேய்ந்தது.

"அத்த... ஒங்களுக்கு எப்படி..."

"பேசாம நூலத் தளத்தி விடு." ஊசி ஓடியது. "ஒங்காத்தா சொல்லிக் குடுத்ததுதான். நான் வாரப்பல்லாம் மத்தியானம் கதவச் சாத்திட்டுப் படுப்பமே, தூங்குனம்னா நெனச்ச? பன்னெண்டு வருசம்."

"நீங்களும் இடக்கையா?"

"ஆறு வயசுல எங்காத்தா கரண்டியக் காச்சி இதுல இழுத்துச்சு." புறங்கையிலிருந்த பழைய தழும்பை அத்தை பார்க்கக்கூட இல்லை. "அன்னைக்கு மாறுன கை."

"அப்பறம் ஏன் அம்மாவ அம்புட்டுப் பேச்சுப் பேசுனீக?"

"அவளப் பேசலைன்னா எல்லாரும் என் கையத்தான பாத்திருப்பாக."

அத்தை அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்தாள்.

"அது அவளுக்கும் தெரியும்" என்றாள் அத்தை.

பவித்ரா பெட்டியின் கண்ணாடிக்குள் இருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவிடம்கூடச் சொல்லாமல், அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, ஒருத்தியின் மானத்தை இத்தனை காலம் பொத்திவைத்திருக்கிறாள். சாத்திய கதவுக்குள் நடக்கும் புண்ணியத்தைக் கடவுள் தனியாகத்தான் எழுதி வைப்பார் போலும்.

கடைசிக் கண்ணி வழியே நூலை இழுத்து முடிச்சிட்டாள் அத்தை. தொப்பியை முஷ்டியில் மாட்டிப் பெட்டிக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்க பழனி. ஒத்தக் கண்ணி நழுவல."

மூன்றரைக்குத் தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. கிளாரா இறங்கத் தயங்கினாள். பச்சைப் பிள்ளை உறங்குவதைப் பார்த்து, கொட்டுக்காரர்கள் தாங்களாகவே அடியை நிறுத்தினார்கள். பவித்ரா தொப்பியோடு நடுத்தெருவில் நின்றாள்.

"சாவு வீட்டுலருந்து பச்சப்பிள்ளைக்கா?" என்றார் பெரியப்பா.

"பழனிக்கா கையி பட்டதுங்கய்யா" என்று கிளாரா ஆட்டோவிலிருந்தே கையை நீட்டினாள். "குடு பவி."

தொப்பி பொருந்தியது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமல் சிரித்தார்கள். கிளாரா உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகே கொட்டு மறுபடி எழுந்தது. சரியாக நாலு மணிக்கு அம்மா புறப்பட்டாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது விளக்கு வைத்த நேரம். தெருக்காரர்கள் சோறும் ரசமும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று. பவித்ரா கரண்டியை எடுக்கப் போனாள். அதற்கு முன் அத்தை எடுத்துவிட்டாள், இடக்கையில்.

முதல் இலை அப்பாவுடையது. அவர் தன் அக்காவின் கையைப் பார்த்தார். சோற்றில் குழி பறித்தார். ரசம் விழுந்தது.

அடுத்தது பாண்டி பெரியப்பா. அவர் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அத்தை நகரவில்லை. ஆவி பறக்கும் கரண்டியை நீட்டியபடியே நின்றாள். வரிசை முழுக்கச் சாப்பிடாமல் காத்திருந்தது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் இலையை முன்னால் தள்ளினார்.