அரை நொடி அழுகை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கை அழுதுகொண்டே சொன்னது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள், தலையாட்டினேன். அவள் முகம் கழுவப் போனதும் நோட்டைத் திறந்தேன். எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்கிற புத்தி எங்கே போகும்?

2

முதலில் எழுதிய தொடக்கம்: "இசைக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட ஒரு கலைஞன், சன்னல் அடைத்த அறையில்..."

வேண்டாம். மாப்பிள்ளை மேல் பரிதாபம் வருகிறது. எனக்கு அவர்மேல் அது இல்லை.

தங்கையின் கணவர் கணினியில் இசை செய்கிறவர். பாத்திர மூடி, கதவுக் கீல் என்று அகப்பட்டதையெல்லாம் பதிவு செய்து, வெட்டி, இழுத்துப் பாட்டாக்குவார். பதினோரு வருடம் ஒரு நாயும் சீந்தவில்லை. பன்னிரண்டாம் வருடம் ஒரு பாட்டு பற்றிக்கொண்டது. (தாளம் சட்டென்று நின்று, யாரோ மூச்சை இழுக்கிற மாதிரி ஒரு ஒலி வரும். ஊரே மயங்கியது அந்த இடத்தில்தான்.)

துணிக்கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, சட்டை போட்டுப் பார்க்கும் அறைக்குள் நின்றபோது தங்கைக்கு அந்த ஒலி பிடிபட்டது. ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போன அன்று, அவர் அறைக்குள் போய் அழுதாள். அந்த அழுகையில் அரை நொடிதான் பாட்டில் வருகிற அந்த மூச்சு.

3

இங்கே நான் புனைந்த சண்டையை அடித்துவிட்டேன். அவள் அவரிடம் போய்க் கேட்டதை, அவள் சொன்னபடியே தருகிறேன்.

"மைக் ஓடிட்டிருந்தது எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுது," என்றார் அவர்.

"தெரிஞ்சதும் அழிச்சிருக்கலாம்ல?"

"எப்படி அழிப்பேன்? பிள்ளைக்குன்னு நம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

[இந்த வரியால் என் வில்லன் கெட்டுப்போனான். இரண்டு நாள் எழுதவில்லை.]

"அப்ப வச்சிருக்க வேண்டியதுதானே. ஏங்க வித்தீங்க?"

அன்றே அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைத்தெருப் பக்கம் போவதில்லை. பேருந்தில் யாராவது போனை எடுத்தாலே இறங்கிவிடுகிறாள்.

4

முடிவு ஒன்று: அவர் பாட்டை நீக்கிவிடுகிறார். (பொய். அடுத்த பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று.)

முடிவு இரண்டு: அவள் மன்னித்துத் திரும்பி... சீச்சீ, யாருக்காக இதை எழுதினேன்?

நேற்று இந்தத் தாள்களை அவள் படித்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றாள். "அவரு பாட்டும் நல்லாத்தான் இருக்கு."

தாள்களை அடுக்கி என்முன் வைத்துவிட்டு, "இத யாருக்கும் குடுத்துடாதேண்ணா," என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. தாள் உங்கள் கையில் இருக்கிறது.