ஆளுக்கு ஒரு மூட்டை

கூடலூர் முக்கில் விஜய்பாண்டியின் ஜீப் வந்து நின்றதும், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் கையுமாக முண்டியடித்து ஏறுவார்கள். எல்லோரும் ஒரே செட்டு, சேர்ந்தே வேலைக்குப் போகும் கூட்டம். ஒருத்தியை விட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு அவளுக்குக் கூலி போச்சு. அதனால் மடியில் ஒருத்தி, காலடியில் ஒருத்தி என்று திணித்துக்கொண்டுதான் வண்டி குமுளி மலை ஏறும். விஜய்பாண்டியே பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவான். அவன் மனைவி ராஜாத்தியும் அதே செட்டுதான். வண்டிக்காரன் பெண்டாட்டி சீட்டைப் பிடித்துக்கொண்டாள் என்று பேச்சு வரக்கூடாதாம். பின்படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போவாள்.

ஜீப் அவன் அப்பா வாங்கியது. இத்தனை பாரத்துக்கு அடிப்பக்கம் தரையைத் தட்டுகிறது என்று, மெக்கானிக் பொன்னுராஜிடம் சொல்லி, பாரம் தாங்கும் கமானில் முன்னும் பின்னும் கூடுதலாகப் பட்டை வைத்து உயர்த்தினான். வண்டி ஜம்மென்று நிமிர்ந்துகொண்டது. அன்றைக்குப் பிடித்தது சனி. குழியில் இறங்கினால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் வெட்டும். வளைவில் திருப்பினால் திரும்பி வர மறுக்கும். பால் ஜாயிண்டை மாற்றினான், ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கினான், அலைன்மெண்ட் பார்த்தான். மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை காலியாக ஓட்டிப் பார்த்தால் வண்டி சொன்னபடி கேட்கும். மறுநாள் ஆளை ஏற்றினால் பழைய குருடி கதைதான். ஞாயிறுதோறும் வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து அவனுக்கே வெறுத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை, மலையில் ஒரு குழியில் இறங்கிய வண்டி, கையை உதறிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் பாய்ந்தது. தடுப்புச்சுவரில் உரசி நின்றதால் தப்பித்தார்கள். ராஜாத்தி படியிலிருந்து வழுக்கி, ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தாள். இறங்கித் திட்டுவதற்குக்கூட யாருக்கும் தெம்பில்லை.

"பாத்துப் போப்பா" என்று மட்டும் சொன்னாள் செட்டில் மூத்தவளான மாரீஸ்வரி. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்த பொன்னுராஜ், வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பட்டறையில் நின்ற வண்டியைச் சுற்றிவந்தார்.

"காலி வண்டிய ஓட்டிப் பாத்து என்னத்தக் கண்டோம் பாண்டி? நீ ஏத்துற பாரத்தோட நிறுத்திப் பாப்போம். பட்டறைக்குப் பின்னால என் வீட்டு வேலைக்கு சிமெண்டு கெடக்கு. ஆளுக்கு ஒரு மூட்டை ஏத்து."

விஜய்பாண்டி பெயர் சொல்லிச் சொல்லி ஏற்றினான். ஜக்கம்மா, ஹேமாவதி, அனுசுயா... சீட்டு நிறைந்தது. மாரீஸ்வரிக்கான மூட்டையை இன்னொன்றின் மேல் வைத்தான். பாதிப் பேர்கூட முடியவில்லை, வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கியது.

"போதும்ணே! இதுக்கு மேல வண்டி தாங்காது. அச்சு முறிஞ்சிரும்."

"அதுக்குள்ளயா? இன்னும் ஆள் இருக்காகல்ல?"

மிச்சத்தையும் ஏற்றினான். கடைசி மூட்டை பின்படிக்கு. வைத்தான், சரிந்தது. நிமிர்த்தி வைத்தான், கீழே விழுந்து கிழிந்தது.

"இது கட்டாம நிக்காதுண்ணே. ஒரு கயிறு குடுங்க."

கேட்ட பிறகுதான் அது யாருடைய மூட்டை என்று அவனுக்கு உறைத்தது. முந்தின நாள் தொங்கிய கை கண்ணுக்குள் வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சிந்திய சிமெண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பொன்னுராஜ் குனிந்து வண்டியின் முன்பக்கத்து அடியைப் பார்த்தார்.

"முன்சக்கரத்துல பாரமே இல்ல, ரோட்டப் பிடிக்காது. கமானத் தூக்கினதுல ஸ்டியரிங் ராடும் கோணலாப் போச்சு, குழியில விழுந்தா அதுவாத் திருப்பிக்கிரும். பட்டை வச்சது நாந்தேன். எத்தன ஆள ஏத்துறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், நானும் கேக்கல."

"பட்டையக் கழட்டிருங்கண்ணே" என்றான் விஜய்பாண்டி.

திங்கட்கிழமை ராஜாத்தியை உள்ளே உட்காரச் சொல்லி, சீட்டு நிறைந்ததும் பின்கதவைச் சாத்தினான். வெளியே நின்ற மாரீஸ்வரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏலே, எங்களத் தெருவுல விட்டுட்டுப் போறியா? எங்க கூலிக்கு என்ன வழி?"

"ரெண்டாம் நடை வந்து கூட்டிட்டுப் போறேங்க்கா. தோட்டத்துக் கங்காணிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"கேப்பாகளா? நேரங்கழிச்சுப் போனா அரைக்கூலின்னு சொல்லிட்டாகன்னா?"

அவள் கேட்டது நியாயம்தான். அலுப்போடு ஸ்டியரிங்கில் கை வைத்தவன், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"வையிங்க்கா, வாங்கிக் கட்டிக்கிறேன். ஒருத்தர் கூலியும் போயிறக்கூடாதுன்னு எல்லாரு உசுரையும் பணயம் வச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். அதப் போயி உதவின்னு நெனச்சேன். வண்டி தாங்காதுன்னு சிமெண்டு மூட்டைக்குச் சொன்னவன், இத்தன நாளா உங்களுக்குச் சொல்லலையேக்கா."