சாம்பலும் சாமந்தியும்

செவ்வாய்க்கிழமை காலையில் பூசணிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, மறுநாள் ஜெபக்கூட்டத்தில் சொல்வதற்கு ஏதாவது அகப்படுமா என்று நோர்சேயின் மனம் அந்தப் பானைக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தது. பூசணி தான் கரைந்து கஞ்சிக்கு நிறம் கொடுக்கிறது. சரிதான், ஆனால் இதைப் போன வருஷமே சொல்லியாகிவிட்டது. அந்தத் தெருவிலுள்ள இருபது குடும்பங்களும் புதன்கிழமைதோறும் முறைவைத்து ஒரு வீட்டில் கூடுவார்கள். பேசுவது பெரும்பாலும் நோர்சேதான். கம்பி ஒடிந்த குடை, சார்ஜ் இறங்கிப்போன போன், உப்பு போட மறந்த மீன் என்று எதை எடுத்தாலும் அதிலிருந்து ஆண்டவரைக் காட்டிவிடுவாள். “என் பொண்டாட்டிக்குச் செருப்பு அறுந்தாக்கூட அது ஒரு பிரசங்கம்” என்று அவள் கணவன் யோப்பி கேலி செய்வான். ஆனால் ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. அவளுக்கும்தான்.

அப்போது லோகோன் எரிமலை உறுமியது. கொஞ்ச நேரத்தில் சாம்பல் இறங்கத் தொடங்கியது. அதன் அடிவாரத்திலுள்ள தோமோஹோன் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கொடியில் கிடந்த துணிகளை எடுத்தாள், தண்ணீர்த் தொட்டியை மூடினாள், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டாள். மதியம் மழை வராதிருந்தால் அத்தோடு போயிருக்கும். மழையில் நனைந்த சாம்பல் சிமென்ட் குழம்பு மாதிரி கனத்தது. வீட்டின் பின்னால், மூங்கில் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் விரித்த பந்தலுக்குள் சாமந்திப் பயிர் நின்றது. வியாழக்கிழமை வெட்டி ஈஸ்டருக்கு அனுப்பவேண்டிய பூ. கூரை நடுவில் தொட்டில்போலத் தொங்கிவிட்டது. மூங்கில்கள் முனகுவது அவளுக்குக் கேட்டது. யோப்பி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு தொலைவிலுள்ள கொரொந்தாலோவுக்குப் போயிருந்தான், வெள்ளிக்கிழமைதான் வருவான்.

ஏணியைச் சாத்தி, துடைப்பத்தையும் தண்ணீர்க் குழாயையும் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். கீழே மண் சேறாகியிருந்தது. நான்காவது படியில் ஏணி வழுக்கியது. “இயேசுவே” என்று மூங்கிலைப் பற்றினாள். அந்தக் கணமே ஏணி, தரையில் நட்டதுபோல அசையாமல் நின்றது. குனிந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு ஃபெம்மி இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்திருந்தாள். மேலே பார்க்கவில்லை. சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சில்லை. ஃபெம்மியின் கணவன் ஹெங்கி கிராம்பு பறிக்க ஏறி, ஏணியோடு விழுந்து செத்துப்போனான். அடக்கம் முடிந்த மூன்றாவது வாரக் கூட்டத்தில் நோர்சே பேசினாள். நூறு படி நல்லதாக இருந்தாலும், விழுவதற்கு உளுத்த படி ஒன்று போதும். நம் விசுவாசத்தில் உளுத்த படி எது என்று தினமும் தட்டிப் பார்க்கவேண்டாமா என்று கேட்டாள். நன்றாகத்தான் பேசினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஃபெம்மி மட்டும் மடியிலிருந்த வாழைக்காய் வறுவல் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். துக்கம் தாளாமல் போகிறாள் என்றுதான் நோர்சே நினைத்தாள். பிறகு வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சொல்கூட வராதபோது, சத்தியம் சிலருக்குக் கசக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

“தண்ணியத் திறக்கவா?” என்று கீழேயிருந்து கேட்டாள் ஃபெம்மி.

“திற.”

இருட்டும் முன்னால் முடித்துவிட்டார்கள். நோர்சே தள்ளத் தள்ளச் சாம்பல் குழம்பு வழிந்து ஃபெம்மியின் தலையிலும் தோளிலும் விழுந்தது. அவள் ஏணியை விடவில்லை. ஒவ்வொரு இடமாக நகர்த்திச் சாத்தி, ஒவ்வொரு முறையும் நோர்சே ஏறும் முன்னால் தானே படிகளைக் கையால் தட்டிப் பார்த்தாள். கடைசியில் பிளாஸ்டிக் மெல்ல மேலெழும்பி நிமிர்ந்தது. உள்ளே ஒரு தண்டுகூட ஒடியவில்லை.

குழாயடியில் கை கழுவும்போது நோர்சே ஃபெம்மியின் பக்கம் திரும்பினாள். “கடவுள்தான் உன்ன அனுப்பினாரு, ஃபெம்மி. ஏணி வழுக்கினப்போ...”

“அக்கா, நிறுத்து. நாளைக்கு இத ஒரு பாடமாக்கிடாத.”

உண்மையில் நோர்சேயின் மனதில் பாதி பாடம் தயாராகியிருந்தது.

“அந்த ஏணில படி உளுத்திருக்கல” என்றாள் ஃபெம்மி. குரல் உயரவில்லை. “முந்தின நாள் சாயந்தரம் நான்தான் ஒவ்வொரு படியா தட்டிப் பார்த்தேன். வருஷா வருஷம் நான்தான் பார்ப்பேன். ஏணியக் கட்டியிருந்த கொப்பு முறிஞ்சிடுச்சு. அவ்வளவுதான். நீ அப்படிச் சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஏதாச்சும் ஒரு படிய விட்டுட்டேனோன்னு ராத்திரியெல்லாம் எண்ணிக்கிட்டுக் கிடந்தேன்.”

குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. தான் இத்தனை காலம் பாடமென்று தோண்டித் தோண்டி எடுத்ததெல்லாம் யார் யார் முற்றத்தைத் தோண்டி எடுத்தது என்று நோர்சேக்கு முதல்முறையாகத் தோன்றியது.

“யார்கிட்டயும் கேக்காமப் பேசிட்டேன். அழகா வந்துச்சுன்னு பேசிட்டேன்” என்றாள். “மன்னிச்சுடுன்னு கேக்கவே கூச்சமா இருக்கு.”

ஃபெம்மி தன் தலைமுடியைப் பிரித்துப் பார்த்தாள். சாம்பல் களிமண்போல அப்பியிருந்தது. “முதல்ல தண்ணி ஊத்து. எனக்குக் கை எட்டல” என்று குனிந்தாள்.

நோர்சே ஊற்றினாள். மயிருக்குள் விரல்விட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவினாள்.

புதன்கிழமை எல்லாரும் சாம்பலைப் பற்றிப் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். “இன்னைக்கு மலையவே தூக்கி மேசைல வைக்கப்போறா பாரு” என்று ஒரு கிழவர் காதோடு சொன்னது அறை முழுக்கக் கேட்டது. நோர்சே எழுந்தாள். ஹெங்கியைப் பற்றி இதே கூட்டத்தில் தான் சொன்னது தவறு, அந்த ஏணியில் குறையே இல்லை, அதை ஃபெம்மி கவனமாகப் பார்த்திருந்தாள் என்றாள். நேற்றுத் தன் கூரை நின்றதற்கும், அதற்கு ஒருத்தி வந்ததற்கும் நன்றி என்றாள். “இன்னைக்கு எங்கிட்ட இதுதான் இருக்கு” என்று உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பாட்டுப் பாடினார்கள். ஃபெம்மி வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் நோர்சே கத்தியோடு பந்தலுக்குள் போனபோது, அடுத்த பாத்தியில் ஃபெம்மி முன்னமே குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நடந்தது அவள் காதுக்குப் போயிற்றா என்று நோர்சே கேட்கவில்லை. நன்றியில் நெஞ்சு நிறைந்திருந்தது. வாய்வரைக்கும் வந்ததை அங்கேயே வைத்துக்கொண்டு தன் வரிசையைத் தொடங்கினாள். பக்கவாட்டில் புகுந்த சாம்பல் வெள்ளை இதழ்களின் மடிப்புகளில் மெல்லிசாகப் படிந்திருந்தது. ஃபெம்மி ஒவ்வொரு பூவையும் முகத்தருகே கொண்டுவந்து, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல மெல்ல ஊதி, வாளியில் வைத்துக்கொண்டிருந்தாள்.