வெளித்தளத்தில் கும்சிலின் முகம்

கும்சில் பல்கலைக்கழகத்தில் எங்கள் காணொளிப் பிரிவுக்குள் வணக்கம்கூடச் சொல்லாமல் நுழைந்தாள். இப்படி வருகிற பெண் இல்லை அவள். கைப்பேசியை நீட்டினாள்.

"அக்கா, தப்பிச்சு வந்ததைப் பத்தி வகுப்புல நான் பேசின வீடியோ வெளியில ஒரு வெப்சைட்ல ஓடுது. என் முகம் அப்படியே தெரியுது."

வாங்கிப் பார்த்தேன். அவளேதான். வட கொரியாவிலிருந்து எல்லை ஆற்றைக் கடந்து தப்பி, தெற்கே ஜொன்ஜுவுக்குப் படிக்க வந்தவள். அவளுடைய தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். அக்கா ஆற்றில் மூழ்கிப் போனாள் என்று அவனும் நம்புகிறான், அதிகாரிகளும் நம்புகிறார்கள். அதனால்தான் அவனை விட்டு வைத்திருக்கிறார்கள். ஓடிப்போனவளின் தம்பி என்று தெரிந்தால் சிறை முகாம்தான்.

அந்த வீடியோ மாணவர்கள் எங்கள் தளத்துக்குள் நுழைந்து பார்ப்பதற்கு மட்டும். ஆனால் வெளித்தளங்களில் காட்டலாம் என்ற அனுமதியை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அந்த வகுப்பை எடுக்கிற பேராசிரியர் மேங்தான். அவருடைய கல்லூரி சீனியர் சியோலில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்; கும்சில் காட்டிய வெப்சைட் அதனுடையதுதான். சீனியர் கேட்டு ஜூனியர் இல்லை என்று சொன்னதாக எங்கள் ஊரில் சரித்திரமே கிடையாது. தலை நரைத்தாலும் ஜூனியர் ஜூனியர்தான்.

மேங்கைக் கூப்பிட்டேன். கிசுகிசுத்தார்.

"விழாவுல இருக்கேன்மா. என்ன அவசரம்?"

"சார், கும்சில் வீடியோவை உடனே மூடணும். அவ தம்பி அங்க இருக்கான்."

"அட, வடக்குல யாருக்கும்மா இன்டர்நெட் இருக்கு?"

"மாட்டிக்கிறவனுக்கு இல்ல சார். பிடிக்கிறவனுக்கு இருக்கு."

"இப்போ பெரிய திரையில அதைத்தான் போடப் போறாங்க. நன்கொடை கொடுக்கிறவங்க எல்லாம் வந்திருக்காங்க. முடியட்டும், சாயங்காலம் எடுத்துடலாம். என் சீனியர் மானம் போயிடும்மா." வைத்துவிட்டார்.

மானமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பயமாகவும் இருந்தது. பேராசிரியர் சொல்லாமல் அவர் வீடியோவில் நாங்கள் கை வைக்கக் கூடாது. என் வேலையோ ஒப்பந்த வேலை. அதை நீட்டிக்கிற குழுவில் மேங்கும் உட்கார்ந்திருக்கிறார்.

கும்சில் என்னைக் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேனோ என்னவோ. என் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளித்தளத்தில் இருப்பது வெறும் ஜன்னல்தான், வீடியோ இருக்கிற வீடு எங்களுடையது. இங்கே கதவைச் சாத்தினால் எல்லா ஜன்னலும் இருண்டுவிடும். இதற்குள் யார் பார்த்தார்கள், யார் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் எங்கள் கையில் இல்லை.

போனால் போகட்டும் வேலை என்று சாத்தினேன். அவள் கைப்பேசியில் முகம் மறைந்து கறுப்புக் கட்டம் வந்தது. அவள் அப்போதுதான் மூச்சை விட்டாள்.

எதிர்பார்த்தபடியே மேங் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போடாமலே அறை முழுக்கக் கேட்டது.

"அத்தனை பேர் முன்னாடி திரை இருண்டு போச்சு! சீனியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். யாரைக் கேட்டு மூடினே? இப்பவே திற! நாளைக்கு உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

கும்சில் என் கையிலிருந்து கைப்பேசியை மெல்ல வாங்கினாள்.

"சார், நான் கும்சில்."

"அடடே, கும்சிலா!" குரல் குழைந்தது. "நீ பேசினது அவ்வளவு நல்லா இருக்கும்மா. கேட்டா எல்லாரும் அழுதுடுவாங்க. அக்காகிட்ட நீயே சொல்லு, திறக்கட்டும்."

"போன வாரம் அங்கேருந்து தப்பிச்சு வந்த ஒருத்தரைப் பார்த்தேன் சார். எங்க தெருக்காரர். என் தம்பி வருஷா வருஷம் ஆத்தங்கரையில சோறு வச்சு எனக்குத் திவசம் பண்றானாம்."

மேங்கின் பின்னால் விழாக்கூட்டத்தின் சலசலப்பு கேட்டது.

"இந்த வருஷமும் பண்ணட்டும் சார்" என்றாள்.