அடுப்புக்கு மேலே வெடிக்கட்டு

வேலுத்தாயின் போனில் ஜோமோனுக்குப் பெயர் கிடையாது. அவன் எண்ணுக்கு நேராக 'அக்கரை' என்று மட்டும் இருந்தது. எண்ணைப் பதிந்து கொடுத்த மகள் சித்ரா, என்ன பெயர் போட என்று கேட்டபோது, வேலுத்தாய் ஓடைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவள் புருஷன் பெரியமுத்துவைக் கொன்ற யானை அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, எஸ்டேட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க அவன் நடந்து போய்க்கொண்டிருந்தான். அக்கரையில் ஜோமோனின் ஏலக்காய்த் தோட்டத்தில், சாய்கொம்பன் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த யானை நின்றது. ஜோமோன் வெடியைக் கொளுத்தி வீசினான். யானை மிரண்டு, ஓடை தாண்டி, ஒற்றையடிப் பாதையில் ஏறி ஓடி வந்தது. பாதையில் பெரியமுத்து இருந்தான்.

இதற்குக் கேஸ் உண்டா? கிடையாது. தன் தோட்டத்தில் நின்ற யானையை ஒருவன் விரட்டினான், அவ்வளவுதான். இந்த மலையில் எல்லோரும் செய்ததுதான் அது. இக்கரைக்காரன் அக்கரைக்கு விரட்டுவான், அக்கரைக்காரன் இக்கரைக்கு விரட்டுவான். கேட்டால் இருவருமே காட்டுக்கு விரட்டியதாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ஏலம். நடுவில் எந்தக் காடு இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பெரியமுத்துவின் காரியம் முடிந்த பிறகு, கண்காணி சூசையப்பன் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எஸ்டேட் ஆட்களையும், அக்கரை மலையாளக் குடியேற்றக்காரர்களையும், மேலே மலைவாசிகளின் முதுவாக்குடி ஆட்களையும் பள்ளிக்கூடத்தில் கூட்டினார். மூன்று மணி நேரம் வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இனி யாரும் வெடி போடக் கூடாது. யானை எந்தப் பக்கம் வந்தாலும் மற்ற இரண்டு பக்கத்துக்கும் போன் பண்ண வேண்டும். அது தின்றுவிட்டுத் தானாகப் போகும்வரை கதவைச் சாத்திக்கொண்டு பொறுக்க வேண்டும். அது இடித்துப் போட்டதை மூன்று பக்கத்து ஆட்களும் சேர்ந்து நிமிர்த்தித் தர வேண்டும்.

லயத்துக்காக யார் போன் பண்ணுவது என்றபோது வேலுத்தாய் எழுந்தாள். "நான் பண்ணுதேன்" என்றாள். எல்லோரும் அவளைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். பெரிய மனசுமில்லை, ஒரு மண்ணுமில்லை. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது முதலில் தனக்குத் தெரிய வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

அந்த வாரமே சூரியநெல்லிக்குப் போய் ஒரு கட்டு வெடி வாங்கி வந்தாள். அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தாள். "வெடிய அடுப்புக்கு மேல வைக்கிற பைத்தியம் உண்டாம்மா?" என்று சித்ரா கத்தினாள். இந்த மலை ஈரத்தில் வேறு எங்கே வைத்தாலும் நமத்துப் போகும். நமத்துப் போகக் கூடாது என்பதில் வேலுத்தாய் கண்ணாக இருந்தாள். ஒரு நாள் சாய்கொம்பன் இக்கரையில் நிற்கும். அக்கரைப் பாதையில் ஜோமோன் வீட்டு ஆள் யாராவது நடப்பார்கள். அன்றைக்கு அவனுக்கும் தெரியட்டும்.

சித்ரா கல்யாணமாகிப் போனாள். வெடிக்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நாலு வருஷமும் போனில் ஒரே பேச்சுதான். "ஆனை நம்ம பக்கம்." "சரி சேச்சி." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. செவலைப் பசு கன்று போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதனால் வேலுத்தாய் கொழுந்தெடுக்கப் போகவில்லை. குளிருக்குப் பயந்து கன்றை அடுக்களையில் கட்டியிருந்தாள். லயத்தில் மற்ற எல்லோரும் மலையேறிவிட்டார்கள். எட்டு மணி ஆகப் போகிறது. வாழை முறிகிற சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். சாய்கொம்பன்.

போனை எடுத்து அக்கரையை அழுத்தினாள். மணி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

அதே ஜன்னலில், ஓடைக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட ஜீப்புக்குப் பிள்ளைகள் இறங்கி வருவது தெரிந்தது. முன்னால் வந்தது ஒரு சிவப்புக் குடை. ஜோமோனின் மகள் ஜோமோள், எட்டு வயது. நாலு வருஷமாக அந்தக் குடை எத்தனை மணிக்கு எந்த வளைவில் வரும் என்று வேலுத்தாய்க்கு மனப்பாடம்.

யானை வாழையை விட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பியது. தவிட்டு வாசனை. செவலை கட்டுத்தறியில் நின்று கதறியது. வேலுத்தாய் வெடிக்கட்டை எடுத்தாள். தீப்பெட்டியும் கையில் வந்துவிட்டது. இங்கே வெடித்தால் யானைக்குச் சரிவில் ஒரே வழிதான், ஓடைக்கு. ஓடையைத் தாண்டினால் சிவப்புக் குடை.

அவள் கை நடுங்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்தது. வெடியைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் போனை அழுத்தினாள்.

"சேச்சி?"

"ஆனை நம்ம பக்கம். பிள்ளைக பாதையில வருதுக. ஓடு, திருப்பிக் கூட்டிட்டுப் போ!"

ஜோமோன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் விழுந்தடித்து ஓடுவது தெரிந்தது. பிள்ளைகளை வாரிக்கொண்டு மேலே ஏறினான். குடை மட்டும் பாதையில் கிடந்தது. இக்கரையில் கொட்டகைத் தூண் நெறுநெறுத்தது. போன் அடித்தது.

"குட்டிகள் எல்லாம் வீட்டுக்குள்ள ஆயி, சேச்சி" என்றான் மூச்சு வாங்க. "அங்க என்ன சத்தம்?"

"கொட்டகைய முட்டுது. செவலை உள்ள கெடக்கு."

"படக்கம், வெடி இருக்கா? இருந்தா போடுங்க சேச்சி. இங்கோட்டு வரட்டும். ஏலம் போனா போகட்டும். இங்க எல்லாரும் உள்ளதான் இருக்கோம்."

நாலு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்ததை அவனே செய்யச் சொல்கிறான். வெடி காலடியில் கிடந்தது.

"அன்னைக்கும் உங்க வீட்டாளுக எல்லாரும் உள்ளதான இருந்தீங்க?" என்றாள் வேலுத்தாய். "பாதையில யாரு வாரான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அவன் போனை வைக்கவே இல்லை. கொட்டகை சரிந்த சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தரம் செவலையின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு கதறல் இல்லை. வேலுத்தாய் கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். சாய்கொம்பன் தவிடு முழுவதையும் தின்றுவிட்டு, அவசரமே இல்லாமல் மேட்டில் ஏறிப் போனது.

பத்து மணிக்கு மண்வெட்டியோடு அக்கரை ஆட்கள் நாலு பேர் வந்தார்கள், முதுவாக்குடியிலிருந்து இரண்டு பேர். ஜோமோனும் வந்தான். நாலு வருஷத்தில் அவன் ஓடை தாண்டியது அன்றுதான். லயத்துக்குப் பின்னால் குழி வெட்டி, செவலையை இறக்கினார்கள். வேலுத்தாய் உள்ளே போய் வெடிக்கட்டை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"என்ன சேச்சி இது?"

"வெடி. உனக்காகத்தான் வாங்கி வச்சிருந்தேன். உன் பிள்ள பாதையில வார நேரம் பாத்துப் போடணும்னு."

குழிக்கரையில் நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜோமோன் இரண்டு கையாலும் வாங்கினான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. குழியில் செவலையின் பக்கத்தில் வைத்து மண்ணைத் தள்ளினான்.

வீட்டுக்குள் கன்று பசியில் கத்தியது.

"எங்க பசு கறக்குது" என்றான் அவன், தலை நிமிராமல். "கன்னுக்கு ரெண்டு நேரமும் மோள் கையில பால் கொடுத்து விடுறேன் சேச்சி."

"பிள்ளைய அந்தப் பாதையில அனுப்பாத" என்றாள் வேலுத்தாய். "நீயே கொண்டா."