ஜோர்ஜேயின் மகள்

சனிக்கிழமை முழுக்க சாவோ பவுலோவின் ஜப்பானியர் பேட்டையான லிபெர்தாஜியில் சுற்றியும் எலிசாவுக்குக் கிடைத்தது கால்வலி மட்டும்தான். கடைக்குக் கடை அவளுடைய ஜப்பானிய முகத்தைப் பார்த்துவிட்டு ஜப்பானிய மொழியில் பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் தலையாட்டியே ஒரு கிலோ பயறு மிட்டாயும் யாருக்கும் உதவாத விசிறி ஒன்றும் வாங்கியிருந்தாள். கூட வந்த நண்பர்கள் தியாகோவும் ஜுசாராவும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள்.

"உன்ன நம்பி ஊர் சுத்த வந்தோம் பாரு, எங்களச் சொல்லணும்," என்றான் தியாகோ.

அவள் வந்த காரணம் ஜுசாராவுக்கு மட்டும்தான் தெரியும். எலிசாவின் ஆறு வயதில் கம்பினாஸ் நகரத்து வீட்டைவிட்டுப் போன அப்பா ஜோர்ஜே இந்தப் பக்கம்தான் எங்கோ இருப்பதாகக் கேள்வி. இருபது வருடமாகிறது. ஒரு போட்டோகூட அம்மா மிச்சம் வைக்கவில்லை. லிபெர்தாஜியில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஜோர்ஜே தலையில்தான் விழும். ஆனாலும் நேரில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

ஞாயிறு காலை ஒரு புத்தர் கோயில் வாசலில் வரிசை நின்றது. உள்ளேயிருந்து எண்ணெயில் பொரியும் வாசனை வந்தது.

"கோயில் விருந்து! யாக்கிசோபா நூடுல்ஸ் போடுவாங்க. டோக்கன் வரிசை இது," என்று தியாகோ முந்திக்கொண்டு போய் நின்றான். கோயில் செலவுக்காக வார இறுதியில் சாப்பாடு விற்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். அதனால் மற்ற இருவரும் மறு பேச்சில்லாமல் பின்னால் நின்றார்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு இருந்தது. குலுக்கல் பரிசுக்கு என்று நினைத்து மூன்று பேர் பெயரையும், தன் போன் நம்பரையும் அதில் எழுதினான்.

"எல்லாரும் ஏன் கறுப்புல இருக்காங்க?" என்று கேட்டாள் ஜுசாரா.

"சாவோ பவுலோக்காரங்க அப்படித்தான். ஸ்டைலு."

வரிசை நகர்ந்தது. ஆனால் தட்டோடு திரும்பி வந்தவர் ஒருவர்கூட இல்லை. முன்னால் போனதும் தெரிந்தது: வெள்ளைச் சாமந்தி, கிழவர் ஒருவரின் போட்டோ, கனன்றுகொண்டிருந்த கரி. ஆட்கள் ஒரு சிட்டிகை வாசனைப்பொடியை நெற்றிவரை உயர்த்தி, கரியில் போட்டுக் குனிந்து வணங்கினார்கள்.

"பாவி, இது நாப்பத்தொன்பதாம் நாள் காரியம்டா!" என்று கிசுகிசுத்தாள் ஜுசாரா.

"ஐயையோ, நம்பர் வேற குடுத்திருக்கேனே!"

மூவரும் நழுவப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த கிழவி எலிசாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஜோர்ஜே மகதானே நீ? வந்துட்டியா கண்ணு! எங்கண்ணன் கடைசிவரைக்கும் பேத்தி, பேத்தின்னே கெடந்தாரு."

எலிசா கிழவியை உற்றுப் பார்த்தாள். "எந்த... ஜோர்ஜே?"

"எந்த ஜோர்ஜேயா! உங்கப்பன்டி. ஐஸ் வாங்கப் போயிருக்கான், இப்ப வந்துருவான். மொதல்ல தாத்தாவுக்குப் பொடி போடு."

கையைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டாள். யாருடைய தாத்தா என்று தெரியாமலேயே எலிசா பொடியை எடுத்தாள். பாதி விரிப்பில் சிந்தியது. போட்டோவில் இருந்த மூக்கு தன் மூக்கு போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஓடிப்போகலாமா, நிற்கலாமா என்று புரியவில்லை.

"டேய் ஜோர்ஜே, யாரு வந்திருக்கா பாரு!" என்று கத்தினாள் கிழவி.

ஐஸ் பையோடு வந்த ஐம்பது வயது மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பினாளே, ஒன்றும் தெரியவில்லை. காது ஒத்தது, தாடை ஒக்கவில்லை. அவரும் அவள் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஐஸ் தண்ணீர் அவர் ஷூவில் சொட்டியது.

"ரெனாட்டா...தானே?" என்றார் மெதுவாக. "பேரு ரெனாட்டாதானே?"

"எலிசா."

அவர் தோள்கள் தளர்ந்தன. நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தனக்கு வந்தது எது என்றும் தெரியவில்லை.

"பின்ன இது யாருடா?" என்றாள் கிழவி.

"பாட்டி, நாங்க யாக்கிசோபா சாப்பிட வந்தவங்க," என்றான் தியாகோ அழமாட்டாக் குறையாக.

கிழவி மூவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "வந்தது வந்தீங்க, சாப்பிடாம போகக் கூடாது," என்று பக்கத்துக் கூடத்துக்கு அனுப்பிவைத்தாள். சோற்று உருண்டையும் கோழிப் பொரியலும் தட்டில் விழுந்தன. தியாகோ தலை நிமிரவே இல்லை.

ஜோர்ஜே ஒரு டம்ளரில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து எலிசா முன் வைத்தார்.

"எம்மகள குரிச்சிபா ஊர்ல விட்டுட்டு வந்தேன். அப்ப அவளுக்கு நாலு வயசு. இப்ப உன் வயசுதான் இருக்கும்," என்றார். "நீ யாரத் தேடி வந்தே?"

"எங்கப்பாவ. அவர் பேரும் ஜோர்ஜேதான்."

அவர் தலை குனிந்தது. தனக்கு ஒரு தீங்கும் செய்யாத அந்த மனிதர்மேல் எலிசாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் அப்பா கிடைத்தாலும் இப்படித்தானே பேரைக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

"ரெனாட்டா என்னிக்காவது வந்தா," என்றாள், "பேரு என்னன்னு மட்டும் கேட்டுடாதீங்க."